வேகத்தைக் குறைப்பதா, சுமையைக் குறைப்பதா?

சிங்கப்பூரிலிருந்து நியூசிலாந்து சென்று, பின்னால் இழுவண்டி பூட்டிய டீசல் மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியில்) சுற்ற எண்ணுவோர், எரிபொருளை மிச்சப்படுத்த முதலில் வேகத்தைத்தான் குறைக்கவேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், இழுவண்டியுடன் செல்வோருக்கு அங்குள்ள உச்சவரம்பான மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்கினாலே அந்த எதிர்ப்பு ஏறத்தாழ 21 விழுக்காடு குறைகிறது. 360 கிலோமீட்டர் பயணத்தில் கூடுவதோ அரை மணி நேரமே. (சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் 90-க்குப் பழகிய கால்களுக்கு இது சற்றுச் சிரமம்தான்.) சுமையைக் குறைப்பது மலையேற்றத்திலும், நின்று நின்று செல்லும் நகரச் சாலைகளிலும் கைகொடுக்கும். தண்ணீர்த் தொட்டியில் 100 லிட்டரைக் குறைத்தால் 100 கிலோ குறையும். ஆயினும் பல டன் எடையுள்ள வண்டிக்குச் சமவெளியில் அதனால் பெரிய மாற்றமில்லை. டீசல் வாகனங்களுக்கு அங்கு தூரத்தைக் கணக்கிட்டு விதிக்கப்படும் சாலைக் கட்டணம், மெதுவாக ஓட்டுவதால் குறையாது.