கெளுத்தி வளர்க்கத் தொட்டி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பெங்களூரைச் சுற்றி ஹொசகோட்டே, தேவனஹள்ளி பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் தமிழர்களாகத் தேடிப் பிடித்து, பயோஃப்ளாக் முறையில் (மீன் கழிவைப் பாக்டீரியாவைக் கொண்டு தீனியாக்கும் தொட்டி வளர்ப்பு) கெளுத்தி வளர்த்துத் தருவதாகச் சிலர் பணம் கறக்கிறார்கள். தார்ப்பாய்த் தொட்டி, குஞ்சு, புரோபயாடிக் என்னும் நல்ல பாக்டீரியாக் கலவை, வளர்ந்த மீனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாக்குறுதி, எல்லாம் ஒரே தொகைக்கு. நானும் என் மைத்துனரும் பணம் கட்டினோம்.

நான்கு மீட்டர் விட்டத் தொட்டியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டாலே ஏறத்தாழ 12,500 லிட்டர். அதற்கு அவர்கள் கொடுத்த காற்று பம்பு, வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டிக்குத்தான் காணும். கேட்டால், "கெளுத்தி மேலே வந்து காற்றை விழுங்கும் மீன் அண்ணா, கரண்ட் செலவு எதற்கு?" என்கிறார்கள். பாதி உண்மை, அதனால்தான் எடுபடுகிறது. மீன் தாக்குப்பிடிக்கும், பாக்டீரியா தாக்குப்பிடிக்காது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை, நாம் ஊற்றும் வெல்லப்பாகின் துணையோடு தின்று பெருகுவது பாக்டீரியாதான். அது திரளாகி மீனுக்கே தீனியாகும்; வளர்ச்சி கூடும் என்பதெல்லாம் இதை நம்பித்தான். இரவும் பகலும் காற்று ஓடினால்தான் அந்தத் திரள் உயிரோடு மிதக்கும்.

எங்கள் தொட்டியில் அது அடியில் படிந்து கறுத்தது. அழுகிய முட்டை நாற்றம். போன் செய்தால் இன்னும் பாகு ஊற்றச் சொன்னார்கள். பாகு கூடினால் பாக்டீரியா இருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? அம்மோனியா பார்க்கும் கிட் கூடத் தரவில்லை. மீன்கள் உடனே சாகவில்லை. தீனி எடுப்பதை நிறுத்தின, மீசை அரித்துப்போனது, பிறகு கொத்துக் கொத்தாக மிதந்தன.

பிழைத்தவற்றை மீன்வளம் படித்த ஒருவரிடம் காட்டினோம். மண்டை ஓட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றார். நாட்டுக் கெளுத்தி என்று விற்ற குஞ்சு அது! 2000ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்ட மீனை எந்தச் சந்தையில் விற்பது?

மானியம் வாங்கித் தருவதாகவும் சொல்வார்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். விண்ணப்பம் மீன்வளத் துறைக்கே போகவேண்டும். தொட்டிக்கு முன்பணம் கொடுக்குமுன், ஹெசரகட்டாவில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் வட்டார மையத்தில் விசாரியுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். சிக்கல் என்னவென்றால், பில்லில் தார்ப்பாய், கம்பி வலை, பம்பு மட்டுமே இருக்கின்றன. குஞ்சைப் பற்றி ஒரு வரி இல்லை.