பைப்பர் கப்புக்குப் போர்வை தைத்த செந்தூல் குஷன் கடை

கார் சீட்டும் சோபாவும் தைக்கிற கடையில் ஒரு விமான இன்ஜினுக்குப் போர்வை தைக்கக் கொடுத்தேன். கடை கோலாலம்பூரில், செந்தூல் பசார் பக்கம். தைத்து வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

விமானம் 1946ஆம் வருடத்து பைப்பர் ஜே-3 கப். என் மருமகனும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. கனடாவில் எட்மன்டனுக்கு வெளியே நிற்கிறது. நான் சுபாங் விமான நிலையத்தில் முப்பது வருடம் விமான மெக்கானிக். அத்தனை வருடத்தில் இன்ஜின் சூடாகிறதே என்று கவலைப்பட்டிருக்கிறேன், குளிர்கிறதே என்று ஒரு நாளும் பட்டதில்லை.

அங்கே போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. கப்பில் இருப்பது கான்டினென்டல் ஏ-65, நான்கு சிலிண்டர், 65 குதிரைசக்தி. பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். மைனஸ் இருபதில் எண்ணெய் பாகு மாதிரி இறுகிக் கிடக்க, புரொப்பெல்லர் அசைய மறுக்கிறது. முக்கிமுனகிக் கிளப்பிவிட்டாலும் ஆபத்து தீரவில்லை. உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் இரும்பு, அதைத் தாங்கும் கூடு அலுமினியம். குளிரில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் பேரிங்கில் எண்ணெய்க்கு இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துபோகிறது. இறுகிய எண்ணெயும் நேரத்துக்கு வந்து சேராது. கிளப்பிய முதல் நிமிடத்திலேயே தேய்மானம். மைனஸ் 7 டிகிரியிலோ அதற்குக் கீழோ இரண்டு மணி நேரம் நின்றிருந்தால் சூடேற்றிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும் என்று கான்டினென்டலே சொல்கிறது.

எண்ணெய்த் தொட்டியின் அடியில் மின்சாரச் சூட்டுப் பட்டை ஒட்டியிருந்தார்கள். ஆனால் கப்பின் சிலிண்டர்கள் மூக்கின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பட்டை கொடுக்கிற சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே போர்வை.

மருமகன் காக்கித் தாளில் அளவு வெட்டிக் கொடுத்தார். அதைக் கடையில் விரித்ததும் தையல்காரத் தம்பி, "அண்ணே, இது எங்கே போகுது, எவ்வளவு குளிரு?" என்றுதான் முதலில் கேட்டார். இந்தக் கடையை நான் மெச்சுவது இந்தக் கேள்விக்காகத்தான். முதலில் கார் சீட்டுக்குப் போடும் பிவிசி துணியை எடுத்து வைத்திருந்தார்; குளிரில் அது விறைத்து வெடிக்கும் என்றதும் மறுபேச்சில்லாமல் நைலானுக்கு மாறினார். உள்ளே பஞ்சு வேண்டாம், ஈரம் குடித்து உறையும் என்றேன், பாலியெஸ்டர் வைத்தார். கையுறை போட்ட விரலால் ஜிப் இழுக்க முடியாது என்றதும், பள்ளிப் பைக்குப் போடுகிற பெரிய பிளாஸ்டிக் பக்கிளை அவரே தேடிக் கொண்டுவந்தார். கழற்ற மறந்து யாரும் இன்ஜினைக் கிளப்பிவிடக் கூடாதென்று, நான் கேட்காமலேயே ஒரு முழம் சிவப்பு நாடா தொங்கவிட்டிருந்தார். சுபாங்கில் நாங்கள் சிவப்பு நாடா கட்டாமல் எந்த மூடியும் போட்டதில்லை. பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது.

கூலியும் துணியும் சேர்த்து 380 வெள்ளி (ரிங்கிட்). தீபாவளி குஷன் வேலை நெருக்கத்தில் சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் தாமதம். அதைக் குறையாகவே சொல்கிறேன். இன்னொரு குறை, புரொப்பெல்லருக்குப் பின்னால் மூடுகிற இடத்தில் பக்கிளுக்குப் பதிலாக வெல்க்ரோ வைத்துவிட்டார். பனித்தூள் அடைத்ததும் அது பிடிக்கவில்லை. கயிறு கட்டிச் சமாளித்தோம். திரும்பி வந்து சொன்னேன். அடுத்த போர்வைக்கு என்று அளவுத் தாளிலேயே அந்த இடத்தில் பக்கிள் குறித்து வைத்துக்கொண்டார்.

ஜனவரியில் மைனஸ் 22. இரவு முழுக்கப் பட்டை எரிந்தது, போர்வை மேலே. காலையில் கையுறையைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. மருமகன் புரொப்பெல்லரைச் சுழற்ற, மூன்றாவது சுழற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. எண்ணெய் அழுத்த முள் உடனே ஏறியது.

இப்போது இறக்கைக்கும் உறை கேட்டிருக்கிறார்கள். உறைபனி படிந்த இறக்கையோடு மேலே ஏறவே கூடாது, சுரண்டி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். முனைக்கு முனை 35 அடி. அவ்வளவு நீளத் துணியைக் கடைக்குள் விரிக்க இடமில்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஐந்தடியில், அதாவது கடை வாசல் நடைபாதையில், போட்டு வெட்டலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறார்.