நோட்டீஸ் போய் ஸ்டேட்டஸ் வந்தது: குமரிக் கடைக்கு எது ஒத்துவரும்?

நாகர்கோவிலில் நான் வைத்திருப்பது ஒரு சின்ன டிடிபி கடை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் கடை திறப்பு, ஆடித் தள்ளுபடி, சர்ச் அசன விருந்து என்று எதுவாக இருந்தாலும் ஆயிரம் நோட்டீஸ் அடிப்பார்கள். பேப்பர் போடும் பையன்களிடம் கொடுத்தால் விடிவதற்குள் பேப்பருக்குள் செருகி வீடு வீடாகப் போய்விடும். இப்போது வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஸ்டேட்டஸுல வைக்கதுக்கு ஒரு போட்டோ மட்டும் செய்து தாங்கோ." அதில் எனக்கு நஷ்டம். நான் எழுதுவதில் கொஞ்சம் கடுப்பு தெரிந்தால் அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

எங்கள் ரோட்டில் பேக்கரி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்தார். "மக்கா, மருமவன் இன்ஸ்டாகிராம் தொடங்கணும்ங்கான். வீட்டுல வாட்ஸ்அப் போதும்ங்கா. துபாயில கெடக்க தம்பி, ஃபேஸ்புக்குல நம்ம கடைப் பேரே இல்லியேன்னு கேக்கான். நீ சொல்லு, எதாக்கும் நல்லது?"

எது நல்லது என்பதற்கு முன்னால், கேக் வாங்குகிறவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. குமரி சின்ன மாவட்டம்தான். ஆனால் இங்கே ஒரு கடைக்கு நாலு விதமான ஆட்கள் வருவார்கள்: தெருவில் இருப்பவர், களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் இருந்து வருபவர், வளைகுடாவில் இருந்துகொண்டு அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கச் சொல்பவர், கன்னியாகுமரிக்கு வந்து ஒரு நாள் தங்கிப் போகும் வெளியூர்க்காரர். நாலு பேரும் ஒரே செயலியில் உட்கார்ந்திருக்கவில்லை.

முதலில் வாட்ஸ்அப். அதிலேயே மூன்று நான்கு வழி இருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். கேக் கடைக்கு அது குறை. தோவாளைப் பூ வியாபாரிக்கு அதுவே வசதி. பிச்சியும் மல்லியும் நேற்று என்ன விலைக்குப் போனது என்று இன்றைக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? சாதாரண நாளில் சில நூறு ரூபாயில் கிடக்கும் கிலோ, முகூர்த்த நாளிலும் ஓணத்துக்கு முந்தைய நாட்களிலும் ஆயிரத்தைத் தாண்டிப் போகும். விடியற்காலையில் மார்க்கெட்டில் நின்றபடி குரல் பதிவாகவே விலையைச் சொல்லி ஸ்டேட்டஸில் வைக்கிறார் எனக்குத் தெரிந்த ஒருவர். பின்னணியில் மூட்டை தூக்குகிறவர்களின் சத்தம், நடுவே "தள்ளு, தள்ளு" என்று ஒரு குரல். அதைக் கேட்டால் இன்றைக்கு எடுத்ததுதான் என்று யாருக்கும் சந்தேகம் வராது. அவருடைய மலையாளி வாடிக்கையாளர்கள் பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. அழகாக டிசைன் செய்த போட்டோவைவிட அந்தக் குரலுக்குத்தான் ஆர்டர் வருகிறது. டிசைன் செய்து பிழைக்கிற நான் இதை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்தது பிராட்காஸ்ட் பட்டியல். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப, ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். "இருநூறு பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் இன்னொரு ரகம். எத்தனை ஆயிரம் பேர் வேண்டுமானாலும் சேரலாம், யாருடைய எண்ணும் யாருக்கும் தெரியாது. ஆனால் அது கோயில் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி. கடைக்காரர் போடுவது எல்லோருக்கும் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரர் எழுதுவது அங்கே வராது.

குரூப் அப்படியல்ல. 1,024 பேர் வரை கொள்ளும். ஆனால் எண்ணிக்கையில் இல்லை அதன் பலம். எங்கள் ரோட்டுக் குரூப்பில் ஒரு நாள் சாயங்காலம் நடந்தது இது. ஒரு அக்கா எழுதினார்: "யாரு கடையிலயாவது மட்டிப்பழம் உண்டா? பிள்ளைக்குக் குடுக்கணும், ரெண்டு கடை பாத்தாச்சு." மட்டி எங்கள் ஊர்க் குழந்தைகள் முதன்முதலில் தின்னும் பழம். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், ஆனால் மணம் வீடு முழுக்க நிற்கும். 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அது கிடக்கட்டும். நாலு நிமிடத்தில் பலசரக்குக் கடைக்காரர் ஒரு போட்டோ போட்டார்: கடை உத்தரத்தில் தொங்கும் தார், கீழ்ச் சீப்பு மட்டும் பழுத்தது. "ஒரு சீப்பு எடுத்து வச்சிருக்கேன், பையன் கொண்டாருவான்." அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று பேர் அதே பழத்தைக் கேட்டார்கள். அந்தக் கடைக்காரர் விளம்பரம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இன்ஸ்டாகிராமில் இதே பழத்தை இசையோடு சுற்றிச் சுற்றிக் காட்டியிருந்தாலும் அந்த அக்காவின் கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

தெருக் கடைக்கு வாங்குகிறவர் வாய் திறந்து கேட்க இடம் வேண்டும். கடைக்காரர் கூவுவதற்கான இடம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மற்ற எல்லாவற்றையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

குரூப்பின் தொல்லைகளும் கொஞ்சமல்ல. காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ, பழைய வதந்தி, தேர்தல் வந்தால் கட்சிச் சண்டை. எங்கள் மாவட்டத்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கோயில் கொடையோ மாதா திருநாளோ, எதைப் பற்றியும் ஒரு ஃபார்வர்டு போதும், பத்து வருடம் பழகிய ரெண்டு கடைக்காரர்கள் முகம் திருப்பிக்கொள்ள. எங்கள் குரூப்பில் அட்மின் ரெண்டு பேர், ஒருவர் கோயில் கமிட்டி, ஒருவர் சர்ச் கமிட்டி. ஃபார்வர்டு வந்தால் யார் முதலில் பார்க்கிறாரோ அவர் அழித்துவிடுவார், காரணம் சொல்வதில்லை. இதுவரை ஓடுகிறது. இன்னொன்று, குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பலர் சேரத் தயங்குவது அதனால்தான். பல குரூப்புகளை ஒன்றாகச் சேர்க்க 2022 கடைசியில் வந்தது கம்யூனிட்டி வசதி; அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. ஆனால் அங்கே அட்மின்தான் செய்தி போட முடியும், மறுபடியும் ஒலிபெருக்கிக் கதைதான்.

ஃபேஸ்புக் செத்துவிட்டது என்று காலேஜ் பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான். நாற்பது தாண்டியவர்களும் வெளிநாட்டில் இருக்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். கடைக்குப் பக்கம் திறப்பதில் பெரிய பலனில்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நண்பர்கள், குடும்பத்தார் போடுவதற்கு முன்னுரிமை என்று மாற்றியது, அதற்குப் பிறகு கடைப் பக்கங்களில் போடுவது காசு கட்டாமல் அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. ஊர் குரூப் வேறு. வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அரை மணி நேரத்தில் மேலே போய் மறைந்துவிடும். ஃபேஸ்புக் குரூப்பில் "தக்கலை பக்கம் நல்ல கிணறு வேலைக்காரர்" என்று யாரோ எப்போதோ கேட்டது, அதற்கு வந்த இருபது பதிலோடு அப்படியே கிடக்கும், தேடினால் கிடைக்கும். மஸ்கட்டில் இருந்து அம்மா வீட்டு மோட்டாரைச் சரிசெய்ய ஆள் தேடுகிறவருக்கு அதுதான் வழி. அண்ணாச்சியின் தம்பி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. பக்கம் வேண்டாம், ஊர் குரூப்பில் கடைப் பேரோடு பதில் சொல்லும் ஒரு ஆள் இருந்தால் போதும்.

இன்ஸ்டாகிராமைப் பற்றி எனக்கு ரெண்டு மனம். கண்ணுக்கு விற்கும் பொருளுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. வடசேரியில் செய்யும் கோயில் நகைக்கு வாங்குகிறவர் பரதம் ஆடுகிறவர், அவர் சென்னையிலும் இருப்பார், சிங்கப்பூரிலும் இருப்பார். அந்த நெற்றிச்சுட்டியின் சிவப்புக்கல் வெளிச்சத்தில் திரும்புவதை நோட்டீஸில் காட்ட முடியுமா? மார்த்தாண்டம் தேனும் அப்படி. அங்கே 1920-களிலேயே ஒய்எம்சிஏ வழியாகப் பெட்டித் தேனீ வளர்ப்பு வேரூன்றியது, 2023-இல் புவிசார் குறியீடும் வந்தது. ஆனாலும் தேன்காரர்களுக்கு வருடாவருடம் ஒரே வழக்கு: "தேன் உறைஞ்சு போச்சு, சர்க்கரை கலந்திருக்கு." ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது, பூவில் அல்ல, இளந்தளிரின் காம்பில் ஊறும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. அந்தத் தேன் சீக்கிரம் உறையும் குணமுள்ளது. இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தளிரின் காம்பைக் கிட்டத்தில் பிடித்துக் காட்டி, உறைந்த குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இளகுவதைக் காட்டினால் வேலை முடிந்தது. இப்படி ஒரு விளக்கத்துக்கு ரீல் ஏற்றது.

ஆனால் ரீலுக்கு நாள் கிழமை தெரியாது. முட்டம் பக்கத்தில் மீன் விற்கும் எனக்கு வேண்டிய பையன் ஒருவன் மே மாதம், கரையில் நெய்மீன் இறங்குவதை எடுத்துப் போட்டான். அப்போது நூறு பேர்கூடப் பார்க்கவில்லை. ஜூன் நடுவில் அது திடீரென்று ஓடத் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் இருந்தும் கோயம்புத்தூரில் இருந்தும் போன் மேல் போன். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. அதே மாவட்டத்தில் சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இதைக் கோயம்புத்தூர்க்காரரிடம் போனில் எப்படி விளக்குவது? ஒருவர் "இல்லாத மீனுக்கு எதுக்குடா வீடியோ" என்று திட்டியே விட்டார். பையன் கடைசியில் ரீலை அழித்தான்.

காசு கட்டி விளம்பரம் போடுவதைப் பற்றியும் அண்ணாச்சி கேட்டார். வரைபடத்தில் கடையின் மேல் ஊசி குத்தி, சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடலாம். நாகர்கோவிலில் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் தெற்கே கடலுக்குள் போய்விடும். மீனுக்கு விளம்பரம் பார்க்கும் பழக்கமில்லை, அதில் காசு வீணாகாது. இன்னும் பெரிதாக்கினால் ஒரு பக்கம் திருவனந்தபுரம், மறு பக்கம் திருநெல்வேலி மாவட்டம் உள்ளே வரும். அங்கிருந்து யார் பஃப்ஸ் வாங்க வருவார்? உணவு ரீல் போடும் பையன்களைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பதும் எனக்குச் சம்மதமில்லை. முதல் சனி ஞாயிறு கூட்டம் அலைமோதும், ரெகுலராக வருகிறவர் டீ கிடைக்காமல் திரும்பிப் போவார், மூன்றாவது வாரம் ரெண்டு பேருமே இருக்க மாட்டார்கள்.

கூகுள் மேப்பை யாரும் சமூக ஊடகம் என்று சொல்வதில்லை. ஆனால் வெளியூர்க்காரர் கடையைப் பற்றி நாலு பேர் சொன்னதைப் படிப்பது அங்கேதான். 2024 டிசம்பர் 30-இல் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் படகில் இருந்து இறங்குகிறவர் எந்தக் குரூப்பிலும் சேர மாட்டார். போனை எடுத்துப் பக்கத்தில் சாப்பாடு எங்கே என்று தேடுவார். கடையைப் பதிந்து வைக்கக் காசு இல்லை. முன்பு தபாலில் ரகசிய எண் வரும், இப்போது பெரும்பாலும் கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். பதிந்த பிறகுதான் வேலையே. நம்மூரில் ஞாயிறு காலை ஆராதனை முடியும்வரை ஷட்டர் தூக்காத கடைகள் நிறைய, என் கடையும் அப்படித்தான். மேப்பில் நேரத்தை மாற்ற மறந்துவிட்டேன். யாரோ ஒருவர் ஞாயிறு ஒன்பது மணிக்குக் கல்யாணப் பத்திரிகைப் புரூஃப் வாங்க வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு ஒற்றை நட்சத்திரம் போட்டுப் போனார். தப்பு என்னுடையது. பதில்கூட எழுதவில்லை. அது இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு "ஞாயித்துக்கெழம உண்டா?" என்று கேட்கிறார்கள்.

தப்பு நடக்கும்போதுதான் இவற்றின் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அண்ணாச்சி கடையில் ஒரு தடவை பிறந்தநாள் கேக்கில் பிள்ளையின் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள். இரவு எட்டரைக்கு, மெழுகுதிரி கொளுத்தப்போகிற நேரத்தில், குரூப்பில் போட்டோ வந்து விழுந்தது. ஐந்நூறு பேர் பார்த்தார்கள். அண்ணாச்சி எழுதினார்: "தப்பு நம்மளுக்கதாக்கும். கேக்க வெட்டாண்டாம், ஆள் வருது." பத்து நிமிடத்தில் மாஸ்டரே கிரீம் பையோடு ஸ்கூட்டரில் போய், அந்த வீட்டு சாப்பாட்டு மேசையில் வைத்துப் பெயரை வழித்துத் திருத்தி எழுதினார். திருத்திய கேக்கின் போட்டோவையும் அதே அப்பா அதே குரூப்பில் போட்டார். அந்த வாரம் குரூப்பில் இருந்து வந்த கேக் ஆர்டர்களுக்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதே புகார் கூகுளில் வந்திருந்தால் வருடக்கணக்கில் தொங்கும். இன்ஸ்டாவில் என்றால் மருமகன் கமெண்டை அழித்திருப்பான், பிள்ளையின் அப்பா இன்னொரு ரீல் போட்டிருப்பார்.

அண்ணாச்சிக்கு நான் சொன்னது இதுதான். குரூப்பை விடாதீர்கள், ராத்திரி பத்து வரை பதில் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கட்டும். மேப்பில் ஞாயிறு நேரத்தை இன்றைக்கே திருத்துங்கள். மருமகனுக்கு இன்ஸ்டாகிராமைக் கொடுங்கள், டிசம்பரில் பிளம் கேக் வேகும்போது மட்டும். தம்பியிடம் ஊர் ஃபேஸ்புக் குரூப்பில் நம்ம கடைக்காக அவரே பதில் சொல்லச் சொல்லுங்கள், துபாயில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்கு நேரம் இருக்கும்.

"அப்போ உனக்கு என்ன லாபம்?" என்றார். குரூப்பில் சேர க்யூஆர் கோடு போட்டு, கல்லாவுக்கு மேலே ஒட்ட ஒரு பலகை அடித்துத் தருகிறேன் என்றேன். அடித்தும் கொடுத்தேன். மறுநாள் ஸ்கேன் செய்தால் என் கடைக் குரூப்புக்குப் போகிறது, அவசரத்தில் கோடை மாற்றி ஒட்டிவிட்டேன். அண்ணாச்சி அதை போட்டோ எடுத்து எங்கே போட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது பலகைக்குக் காசு வாங்கவில்லை.