காதுக்குள் செருகும் மூன்று இயர்போன்கள்: கிளிநொச்சியிலிருந்து ஓர் ஒப்பீடு

ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் தொழிலாகையால், நாளில் ஐந்தாறு மணித்தியாலம் காதுக்குள் எதையாவது செருகிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. குளங்களைப் பற்றியும் பழைய வேளாண்மை முறைகளைப் பற்றியும் வன்னி முதியவர்கள் சொன்னவையே அந்தப் பதிவுகளிற் பெரும்பாலானவை. பல் போன வாயிலிருந்து வரும் சொற்கள், பின்னணியில் சேவல், மாட்டு மணி, தண்ணீர் இறைக்கும் இயந்திரம் என்று எல்லாம் கலந்திருக்கும் இடத்தில், ஐயா சொன்னது ‘பட்டி’யா ‘பத்தி’யா என்பதைப் பிடித்தாக வேண்டும். அந்த ஓர் எழுத்து மாறினால் மாடுகள் நின்ற இடத்தில் வேறெதுவோ வந்து நிற்கும். வீதியோரக் கடையில் வாங்கிய பெயரில்லாத இயர்போன் ஒன்று இரண்டு மாதத்திலேயே ஒரு பக்கம் ஊமையானதற்குப் பிறகுதான், இனி இதில் சிக்கனம் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்து, மூன்று இயர்போன்களை அடுத்தடுத்துப் பல வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன்.

முதலாவது சீனாவின் மூன்ட்ரொப் நிறுவனத்தின் சூ 2. சந்தைக்கு வந்தபோது ஏறத்தாழ 20 டொலர் விலை குறிக்கப்பட்ட இந்தச் சிறிய உலோகக் கூட்டினுள் 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றை ஒலிப்பான் இருக்கிறது. வயரைக் கழற்றி மாற்றலாம். இதற்கு முன் வந்த முதலாவது சூவில் வயர் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. வயர் அறுந்தால் முழுவதையும் எறிய வேண்டியிருந்த நிலை இப்போது இல்லை என்பது, திருத்துநரைத் தேடிப் பஸ் ஏற வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்குச் சிறிய விடயமன்று. இரண்டாவது யப்பானின் பைனல் நிறுவனத்தின் ஈ1000. பிளாஸ்டிக் கூடு, 6.4 மில்லிமீற்றர் ஒலிப்பான், கழற்ற முடியாத வயர். எடை இருப்பதே தெரியாது. மூன்றாவது அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்2எக்ஸ்ஆர். விலையில் முதலிரண்டையும் பல மடங்கு தாண்டும் இதை நான் வாங்கவில்லை. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் விட்டுப் போனார். 1983இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஈஆர்-4 என்பதே, வெளிச்சத்தத்தை அடைத்துக்கொண்டு காதுக் குழாயின் உள்ளே அமரும் வகைக்கு வழி காட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடைகளை அடுக்கியது போன்ற இறப்பர் முனை அந்த நிறுவனத்தின் அடையாளமாக இன்றும் தொடர்கிறது.

ஒலியைப் பற்றிப் பேசுமுன் அந்த இறப்பர் முனையைப் பற்றிப் பேச வேண்டும். நான் செலவழித்த வாரங்களிற் பாதி அதற்கே போனது. நமது காதுக் குழாய் ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமுள்ளது. ஒரு முனை திறந்தும் மறு முனை செவிப்பறையால் மூடியும் இருப்பதால், அது இயல்பாகவே 3000 ஹேர்ட்ஸ் அளவிலான ஒலியைப் பெருக்கித் தருகிறது. பேச்சில் மெய்யெழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிவதற்கு இந்தப் பகுதி பெரிதும் உதவுகிறது. இயர்போனைச் செருகியவுடன் குழாயின் இரண்டு முனைகளும் மூடிக்கொள்வதால் அந்த இயல்பான பெருக்கம் இல்லாமற் போகிறது. இயர்போனைச் செய்தவர்கள் அதனைத் தாங்களே ஒலியில் சேர்த்துத் தர வேண்டும். அதோடு, மூடிய குழாய்க்கென்று வேறோர் அதிர்வு 8000 ஹேர்ட்ஸுக்கு அண்மையில் எழுகிறது. இயர்போனின் இறப்பர் முனை ஆழமாகப் போனால் இது மேலே நகரும், வெளியே நின்றால் கீழே இறங்கும். ஆகவே ஒருவருக்கு ‘ச’ என்ற ஒலி ஊசிபோலக் குத்துவதும், அதே இயர்போனில் இன்னொருவருக்கு அது மென்மையாக இருப்பதும் பொய்யல்ல. இருவரும் தத்தம் காதைப் பற்றி உண்மையே சொல்கிறார்கள்.

முனைக்கும் காதுக்கும் இடையில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் அவ்வழியே கசிந்து போய்விடும். சூ 2ஐ முதல் வாரத்தில் நான் ‘தகரம்’ என்று குறித்து வைத்திருந்தேன். பிறகுதான் என் வலக்காது இடக்காதைவிடச் சிறியது என்பது தெரிய வந்தது. நாற்பது வயது வரை இதை அறியாமல் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முனையைப் போட்டதால் வலப்பக்கம் முழுதும் உள்ளே போகாமல் வெளியே தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறது. ஈ1000 பெட்டியில் ஐந்து அளவு முனைகள் வருகின்றன; வலப்பக்கத்துக்குச் சிறியதும் இடப்பக்கத்துக்கு நடுத்தரமும் போட்டவுடன் அதன் குரல் நடுவில் வந்து நின்றது. அதே இரண்டு முனைகளைச் சூ 2இன் கழுத்தில் மாட்டியபோது ‘தகரம்’ என்ற குறிப்பை வெட்ட வேண்டியதாயிற்று. இயர்போனைப் பழிக்கும் முன் கண்ணாடி முன் நின்று இரண்டு காதையும் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஒலியைச் சோதிக்க நான் எடுத்துக்கொண்டவை மூன்று: ஒரு நேர்காணல், முள்ளியவளைப் பக்கத்தில் திறந்தவெளியில் பதிவுசெய்த கோவலன் கூத்து, கோயில் திருவிழா ஒன்றின் நாதஸ்வர தவிற் கச்சேரி. கூத்துப் பதிவு கடினமானது. அண்ணாவியார் பாட, பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாட, மத்தளமும் சல்லாரியும் சேர, நடுவே ஆடுவோரின் சதங்கையும் சனத்தின் பேச்சும் கலந்துவிடும். மலிவான இயர்போனில் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கும். எட்டிமோட்டிக் இதைப் பிரித்துக் காட்டிய விதம் என்னை வியக்க வைத்தது. பாடலின் ஒரு வரியை எழுத முடியாமல் பல நாளாகப் புள்ளியிட்டு விட்டிருந்தேன். அதில் அந்த வரி முழுவதும் விளங்கிற்று. இதில் செயற்கையான பளபளப்பு இல்லை, தாழ்ந்த ஒலியைச் சற்றே கூட்டியிருக்கிறார்கள். பெயரின் இறுதியில் வரும் ‘எக்ஸ்ஆர்’ அதைத்தான் குறிக்கிறது. இருந்தும் மத்தளத்தின் அதிர்வை நெஞ்சில் வாங்க விரும்புவோர்க்கு இது போதாது.

தவிலுக்குச் சூ 2 நல்லது. தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் கழி விழும்போது உண்டாகும் கனமும், வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் பொரிவது போன்ற கூர்மையும் இரண்டும் தனித்தனியே, சுத்தமாகக் கேட்கின்றன. நாதஸ்வரம் உச்சத்தில் ஏறும் இடங்களில் மட்டும் ஒலியளவை ஒரு படி குறைத்துக்கொண்டேன். உயர்ந்த ஒலிகளுக்குச் சற்றுக் கீழான மேல்நடுப் பகுதியை முன்னால் வைக்கும் இயர்போனில் அந்த வாத்தியம் அப்படித்தான் கேட்கும், பந்தலுக்குள் வாசிப்பவருக்கு மிக அருகில் இருந்து கேட்டவர்களுக்கு அது புதிதுமல்ல. ஈ1000 இந்த இரண்டிலும் நடுத்தரம். மத்தளமும் தவிலும் அதில் சற்றுச் சிறுத்துக் கேட்கின்றன. ஆனால் தனி மனிதக் குரல் என்று வந்துவிட்டால், நேர்காணலில் பேசும் ஆச்சி மேசைக்கு அப்பால் இருந்து கதைப்பது போல இருக்கும். மூச்சு வாங்குவதும் சொல்லைத் தேடி நிற்பதும் தெரியும். ‘பட்டி’, ‘பத்தி’ சோதனையில் எட்டிமோட்டிக் முதலாவதாகவும், ஈ1000 அதற்கு மிக அருகிலும், சூ 2 சிறிது பின்னாலும் வந்தன.

அணியும் சுகத்தில் இந்த வரிசை மாறிவிடுகிறது. எட்டிமோட்டிக்கின் மூன்றடுக்கு முனையை ஆழமாகச் செருகினாற்றான் அது சொன்னபடி வேலை செய்யும். காதின் மேற்பகுதியைப் பின்புறமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, முனையைச் சற்று ஈரப்படுத்தி, மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். பழகாதவர்களுக்கு முதல் நாள் அச்சமாகவே இருக்கும். அரை மணித்தியாலத்தில் பழகிவிடலாம், இரண்டு மணித்தியாலத்தில் என் சிறிய வலக்காது கழற்றச் சொல்லிக் கெஞ்சும். சூ 2இன் வயர் காதின் மேலாகச் சுற்றிப் பின்னால் இறங்குவதால் சட்டையில் உரசும் சத்தம் குறைவு. உலோகக் கூடு குளிர்ச்சியாகத் தொடங்கி மத்தியானத்தில் வெப்பமாகிவிடுகிறது. ஈ1000ஐ அணிந்தபடியே சாய்மனைக் கதிரையில் நித்திரையாகிப் போயிருக்கிறேன். அதன் வயர் நேரே கீழே தொங்குவதால் நடக்கும்போது உரசல் தெளிவாகக் கேட்கும், ஆனால் மேசையில் இருந்து வேலை செய்பவருக்கு அது பொருட்டல்ல.

சித்திரை வைகாசியில் மின்விசிறிக்குக் கீழேயும் வியர்க்கும் ஊரிது. வியர்வையில் சிலிக்கோன் முனை வழுக்கும். ஒலி மெலிந்தால் முதலில் காதைத் துடைத்துவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். பஞ்சுபோல அமுங்கும் நுரை முனை வழுக்காது, காதையும் நோகடிக்காது. ஆனால் உயர்ந்த ஒலிகளைக் கொஞ்சம் விழுங்கும், எங்கள் வெக்கையில் விரைவில் நைந்தும் போகும். கச்சான் காற்றுக் காலத்துப் புழுதியும் காதழுக்கும் சேர்ந்து இயர்போனில் ஒலி வெளிவரும் வாயிலுள்ள வலையை அடைத்துக்கொள்ளும். கிழமைக்கு ஒரு முறை முனைகளைக் கழற்றி இளஞ்சூட்டு நீரில் கழுவிக் காயவைத்து, வலையை உலர்ந்த மென்தூரிகையால் தட்டுவது போதும்.

கச்சான் என்றதும் இன்னொன்று, இது காற்றல்ல, நிலக்கடலை. வவுனியாவுக்குப் போகும் பஸ் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்கும்போது கச்சான் வாங்காமல் ஏறுவது எனக்கு இயலாத காரியம். காதை இறுக்க அடைத்துக்கொண்டு வறுத்த கச்சானை மென்றால், தாடை எலும்பு வழியாக வரும் சத்தம் வெளியேற வழியின்றிக் குழாய்க்குள்ளேயே அடைபட்டு, தலைக்குள் கல்லுடைப்பது போல இருக்கும். சொந்தக் குரலும் காலடியும் அப்படியே பெருத்துக் கேட்கும். முனை மேலோட்டமாக அமரும் இயர்போனிலேயே இந்தத் தொல்லை கூடுதல். எட்டிமோட்டிக்கைப் போல எலும்புப் பகுதி வரை ஆழமாகப் போவதில் வியக்கத்தக்க அளவு குறைகிறது. அந்த நிறுவனம் வெளிச்சத்தம் 35 டெசிபெல் வரை குறையும் என்கிறது. ஏ9 வீதியில் யன்னல்கள் திறந்த பஸ்ஸில், ஓட்டுநரின் பாட்டுக்கும் ஹோர்னுக்கும் நடுவே, மற்ற இரண்டிலும் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. இதில் வீட்டில் வைத்த அளவே போதுமாயிருந்தது. இது வெறும் வசதி சார்ந்த விடயமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 டெசிபெல் என்றால் 4 மணித்தியாலம் மட்டுமே. என்னைப் போலத் தொழிலாகவே கேட்பவர்கள் பஸ் இரைச்சலை வெல்வதற்கென்று ஒலியைக் கூட்டினால், அந்த வாரத்துக்குரிய பங்கு மாங்குளம் தாண்டுவதற்குள் கணிசமாகக் கரைந்துவிடும். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கழற்றிவிட வேண்டும். காவலற்ற ரயில் கடவையைக் கடக்கும்போதும், இருட்டில் மாடு படுத்திருக்கும் வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடும்போதும் காதை அடைத்துக்கொண்டு போவது பைத்தியக்காரத்தனம்.

வயரில்லாதவற்றை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. நடந்துகொண்டே பேசுவதற்கு அவை வசதியானவைதான். ஆனால் மின்கலம் தேயும், படமும் ஒலியும் பொருந்தாமல் ஒலி சற்றுப் பிந்தி வரும், எழுத்தாக்கத்தில் காலால் மிதித்து நிறுத்தித் தொடங்கும்போது அந்தப் பிந்தல் பெரும் எரிச்சல். புதிய கைத்தொலைபேசிகள் பலவற்றில் 3.5 மில்லிமீற்றர் துளை இல்லாததால், வயருள்ளதை வாங்குபவர் டைப்-சி மாற்றி ஒன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஒன்றே ஒன்று வாங்கப் போகிறவர் பாட்டுக் கேட்பவராயின் சூ 2ஐ வாங்கலாம்; அந்த விலைக்கு அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. நாள் முழுதும் குரல்களோடு இருப்பவர் ஈ1000ஐப் பார்க்கட்டும், வயர் கழற்ற முடியாதது என்பதால் சுருட்டி வைப்பதில் மட்டும் கவனம் வேண்டும். எட்டிமோட்டிக்கை யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன். ஒரு முறையாவது செருகிப் பார்த்து, காது சம்மதித்தால் மட்டுமே அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம். என் மேசையில் இப்போது ஈ1000 இருக்கிறது. விளங்காத வரிகளை நாள் முழுதும் புள்ளியிட்டு வைத்து, மாலையில் அரை மணித்தியாலம் மட்டும் மச்சானின் எட்டிமோட்டிக்கைச் செருகி அவற்றை நிரப்புகிறேன். அடுத்த விடுமுறைக்கு வரும்போது அதைத் திருப்பிக் கேட்பாரோ என்ற கவலை ஒன்றுதான் மிச்சம்.