யூடியூபின் 'கட்டண விளம்பரம்' அறிவிப்பு: யாருக்குப் பயன்?
பணம் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழும் காணொளிகளைப் பார்வையாளர் அடையாளம் காண்பதற்காக யூடியூப் தரும் வசதி, தொடக்கத்தில் 10 வினாடிகள் மட்டும் மூலையில் தோன்றி மறையும் சிறு அறிவிப்பே. விளம்பரப் பகுதியோ பெரும்பாலும் நடுவில்தான் வருகிறது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் வெளியிட்ட நெறிமுறை இதைவிடக் கூர்மையானது: 2 நிமிடங்களுக்கு மேற்பட்ட காணொளியில், நிறுவனத்தைப் பற்றிப் பேசப்படும் பகுதி முழுவதும் அறிவிப்பு திரையில் நிலைத்திருக்க வேண்டும் என்கிறது அது. யூடியூபின் வசதிக்கோ ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் என்னால் தர இயலவில்லை. காணொளியைப் பதிவேற்றும்போது ஒரு தேர்வுப்பெட்டியில் குறியிட்டால் போதும் என்ற எளிமை பாராட்டுக்குரியதே, ஆயினும் குறியிடும் பொறுப்பு பணம் வாங்கியவரிடமே (வேறு யாரிடம் இருக்கும்?) விடப்பட்டிருப்பதால், அறிவிப்பு இல்லாத காணொளியை விளம்பரமற்றது என்று நம்பிவிட முடியாது.