வாள் டாலர் வாங்குவோர் கவனத்துக்கு

எடின்பரோவில் நடந்த ஒரு நாணயச் சந்தையில் 900 பவுண்ட் கொடுத்து ஏமாந்துவிட்டேன். வாங்கியது 1570 என்று ஆண்டு பொறித்த வாள் டாலர். ஒரு வயதில் அரியணை ஏறிய ஆறாம் ஜேம்ஸின் பெயரில் 1567 முதல் 1571 வரை ஸ்காட்லாந்தில் அடிக்கப்பட்ட 30 ஷில்லிங் வெள்ளி. ஒருபுறம் அரசுக் கேடயம், மறுபுறம் கிரீடம் தாங்கிய வாள். வாளைச் சுற்றி, "எனக்காக, தகுதியிருந்தால் எனக்கு எதிராகவும்" என்ற பொருளில் லத்தீன் வாசகம். பல ஆண்டுகளாகத் தேடிய நாணயம் என்பதால் கையில் வாங்கியதுமே மனம் நெகிழ்ந்துவிட்டது. கண் அப்போதே மங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன். 25 கிராம்கூட இல்லை. அசல் 30 கிராமுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டதற்கு, "அந்தக் காலத்தில் ஓரத்தை வெட்டி வெள்ளி திருடுவார்கள், தெரியாதா?" என்றார் வியாபாரி. திருடியது உண்மைதான். ஆனால் ஓரத்தை வெட்டினால் எழுத்தும் சேர்ந்து வெட்டுப்படும். என் நாணயத்தில் ஓர் எழுத்தும் குறையவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, எழுத்துகளின் இடுக்கில் ஊசிமுனை அளவில் குழிகள். உருக்கி வார்த்ததன் அடையாளம் அது. சுத்தியலால் அடித்த வெள்ளியில் அப்படி வராது.

ஐயத்துக்கே இடமில்லாமல் செய்தது திஸ்டில் முத்திரை. வெள்ளியின் விலை ஏறியதால் 1578இல் இந்த நாணயங்களின் மதிப்பை 36 ஷில்லிங் 9 பென்ஸ் ஆக்கினார்கள். அதற்கு அடையாளமாக, ஸ்காட்லாந்தின் திஸ்டில் முட்பூவைக் கிரீடத்துடன் ஒவ்வொரு நாணயத்திலும் கையால் தனியாக அடித்தார்கள். அடித்த இடமும் சாய்வும் நாணயத்துக்கு நாணயம் மாறும். அதே வியாபாரி விற்பனைக்குப் போட்டிருக்கும் இன்னொரு வாள் டாலரின் படத்தை என்னுடையதன் அருகில் வைத்துப் பார்த்தேன். முத்திரை அதே இடத்தில், அதே சாய்வில். பக்கத்தில் இருந்த கீறல்கூட அதே கீறல்! இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

"பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று பணத்தைத் தர மறுத்துவிட்டார். அட்டையில் செலுத்தியதால் வங்கியில் முறையிட்டிருக்கிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்த இரண்டாவது நாணயம் இன்று காலை வரை விற்பனையில்தான் இருக்கிறது. யாராவது அதன் மேல் கண் வைத்திருந்தால், பணம் கொடுக்கும் முன் உங்கள் எதிரிலேயே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.