லினக்ஸ் மின்ட் 22 மென்பொருள் மேலாளர்: நிறுவும் முன் அந்தச் சின்னப் பெட்டியைப் பாருங்கள்

கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடைகளில் இருக்கும் 4 ஜிபி ராம் கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22 போதும். உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு 2024 ஜூலையில் வந்தது. 2029 வரை அப்டேட் உண்டு. லிப்ரெ ஆபீஸ், பயர்பாக்ஸ் கூடவே வரும். மற்றதெல்லாம், செயலிகளைத் தேடி நிறுவித் தரும் 'மென்பொருள் மேலாளர்' வழியாகத்தான்.

படம் திருத்தும் ஜிம்ப்பைத் தேடித் திறந்தால் நிறுவும் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி: சிஸ்டம் பேக்கேஜா (மின்ட்டோடு ஒட்டி வரும் பதிப்பு), ஃபிளாட்பேக்கா (தனக்கு வேண்டியதைத் தனியே கொண்டுவரும் பதிப்பு)? பலரும் பார்க்காமலே அமுக்கிவிடுகிறார்கள். சிஸ்டம் பேக்கேஜில் கிடைப்பது 2.10.36, சீக்கிரம் இறங்கும். புதிய 3.x வரிசை வேண்டுமென்றால் ஃபிளாட்பேக். ஆனால் முதல் தடவை ரன்டைமும் (செயலி ஓடத் தேவையான பொதுக் கோப்புகள்) சேர்ந்து இறங்குவதால் பல நூறு எம்பி போகும். செல்போன் ஹாட்ஸ்பாட் என்றால் அன்றைய டேட்டாவுக்கு வேட்டுதான். அதே ரன்டைமைப் பயன்படுத்தும் அடுத்த செயலிக்கு இந்தச் செலவு இல்லை. இன்னொன்று, சில ஃபிளாட்பேக் செயலிகளுக்கு வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் கண்ணுக்கே தெரியாது. ஃபிளாட்பேக் அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீல் செயலியைப் போட்டு அனுமதி தர வேண்டும். சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளை மின்ட் தானாகவே மறைத்து வைப்பது நல்ல முடிவு. கடைக் கணினியில் அதை மாற்றாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது? சிஸ்டம் பேக்கேஜ் பாதி நிறுவும்போது நின்றுபோனால், அடுத்து எதை நிறுவப் போனாலும் பிழைதான் வரும். விண்டோஸ் பழக்கத்தில் உடனே ஃபார்மட் செய்ய வேண்டாம். கட்டளை தட்டும் டெர்மினலில் 'sudo dpkg --configure -a', பிறகு 'sudo apt --fix-broken install'. பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். யுபிஎஸ் இல்லாத கடை என்றால் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்டில் முன்கூட்டியே ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்துவிடுங்கள்.

'லாக் கிடைக்கவில்லை' என்று வந்தால் அது கோளாறு அல்ல. ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிறுவ முடியும் என்பதற்கான பூட்டு அது; பெரும்பாலும் பின்னால் அப்டேட் மேனேஜர் ஓடிக்கொண்டிருக்கும். முடியும்வரை காத்திருங்கள், யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று லாக் கோப்பை அழித்தால் பேக்கேஜ் பட்டியலே குழம்பலாம்.

மேலாளர் கைவிடும் இடம் தமிழ். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 ஏற்கனவே இருக்கிறது, ஆனால் அது விசைக்கு ஓர் எழுத்து என்ற அளவில்தான்; மெய்யெழுத்துக்குப் புள்ளி தானாக விழாது. அதற்கு, தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் மென்பொருளின் 'ibus-m17n' பேக்கேஜ் வேண்டும். 'தமிழ்' என்று தேடினால் இது எளிதில் அகப்படாது, பேக்கேஜ் பெயரையே தட்ட வேண்டும். நிறுவி, லாக் அவுட் செய்து உள்ளே வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்புகளுக்கான பாமினி எழுத்துரு மேலாளரில் கிடைக்காது. எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பை ஹோமில் '.local/share/fonts' அடைவில் போட்டு லிப்ரெ ஆபீஸை மூடித் திறந்தால் வந்துவிடும்.

மேலாளருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அந்த ஒன்றரை போனது தமிழ்த் தேடலால்.